அவர் செய்ததும் கணிதம்தான்

சனிக்கிழமை காரைக்குடி மண்டபத்தில், கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்த நம் ஐயாவுக்கு நடந்த பாராட்டு விழாவைப் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். விழாவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. மேடையில் பேசியவர் சொன்ன ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். "ஐயா கணக்கை எளிமையாகச் சொன்னார். பாவம், ஆராய்ச்சிக்குத்தான் நேரமில்லாமல் போய்விட்டது." பொன்னாடையைப் போர்த்திவிட்டு, அதே மேடையில், அதே மைக்கில். ஐயா சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு மூன்று நாளாக மனசு ஆறவில்லை.

கணிதத்தை மக்களிடம் கொண்டுபோவதும் கணித வேலைதான். ஆராய்ச்சி வராதவர்கள் ஒதுங்கி உட்காரும் திண்ணை இல்லை அது.

ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கிற பூப்போட்ட சதுரக் கல், அதை வைத்து அவர் நிகழ்த்தும் உரையை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனால் ரெண்டு ரெண்டு பிள்ளைகளுக்கு நாலு சதுர அட்டை கொடுப்பார். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மூலையில் கால் பூ. நம் வீட்டு வளவில் கிடக்கிற கல் மாதிரிதான். நாலு கல் சேர்ந்தால் முழுப் பூ. ஒரு கல்லை நாலு விதமாகத் திருப்பி வைக்கலாம். அப்படியானால் நாலு கல் சேர்ந்த சதுரத்துக்கு 4×4×4×4, மொத்தம் 256 விதம். இதுவரை எல்லாரும் வந்துவிடுவார்கள். அடுத்துத்தான் கேள்வி: சதுரத்தை மொத்தமாகச் சுற்றிப் பார்த்தால் ஒன்றாகத் தெரிகிறவற்றை ஒன்றென்றே எண்ணினால், உண்மையில் எத்தனை கோலம்?

வகுப்பே 64 என்று கத்தும். 256-ஐ நாலால் வகுத்துவிடுவார்கள். கத்தவிட வேண்டும். அந்தத் தப்பு வாயிலிருந்து வந்தால்தான் அடுத்தது ஏறும். விடை 70.

ஏன்? கால் சுற்று சுற்றினாலும் மாறாத அமைப்பு நாலு உண்டு: நடுவில் பூ கூடுவது ஒன்று, நாலு வெளிமூலைக்கும் பூ போய்விடுவது ஒன்று, காற்றாடி போல வலமாகச் சுழல்வது ஒன்று, இடமாக ஒன்று. இவை தனித்தனியே நிற்கும். அரைச் சுற்றில் மட்டும் மாறாதவை 12. இவை ரெண்டிரண்டாகச் சேர்ந்து 6 ஆகும். மீதி 240 நாலு நாலாகச் சேர்ந்து 60. அறுபதும் ஆறும் நாலும் எழுபது. எம்.எஸ்சி.யில் பர்ன்சைடு தேற்றம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நகர்கிற விஷயம், எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் நாலு அட்டையாக இருக்கிறது.

இதில் தவறுகிற இடங்கள் ஏராளம். நடுவில் முழுப் பூ உள்ள கல்லைக் கொடுத்தால் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான், கணக்கே படுத்துவிடும். இப்படிச் சுற்றும் செயல்களின் தொகுப்புக்கு (group) உள்ள 'குலம்' என்ற பாடநூல் சொல்லை முதலிலேயே சொன்னால், இந்த ஊர்ப் பிள்ளைக்குக் குலதெய்வம்தான் நினைவுக்கு வரும்; சுற்றிப் பார்த்து முடித்தபிறகு சொன்னால் ஒட்டிக்கொள்ளும். எதை எங்கே மறைத்து எங்கே வெளிக்காட்டுவது என்று தீர்மானிக்கத் தேற்றத்தின் எலும்பு தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் செய்தவரால் முடியாது.

"ஆராய்ச்சிக் கட்டுரை எத்தனை?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் செய்வீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் அறிவியல் துறைக் கட்டுரை ஒன்றுக்கு 8 மதிப்பெண். அந்த ஆராய்ச்சி மதிப்பெண் அட்டவணையில் பள்ளிக்கூடத்தில் நின்று பேசுவதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஐயா பதவி உயர்வில் பின்தங்கியதற்கு அவர் நேரம் காரணமில்லை. அந்த அட்டவணைதான்.

வெளியே இதற்கென்று நாற்காலியே போட்டிருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டில் மக்களிடம் அறிவியலைக் கொண்டுசெல்வதற்கென்றே உள்ள பேராசிரியர் பதவியில் 2008 முதல் இருப்பவர் மார்கஸ் டு சாட்டாய், குலக் கோட்பாட்டு ஆராய்ச்சியாளர். இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறையை உருவாக்கிய கிறிஸ்டோபர் ஸீமன் இடவியலில் (topology) பெரிய பெயர். 1978-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் உரை நிகழ்த்தினார். அவரை யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

ஆராய்ச்சி இல்லாமல் கணிதம் வளருமா என்பவர்களுக்கு: வளராது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. "அது பள்ளிக்கூட வாத்தியார் வேலை" என்று பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். பி.கே. சீனிவாசன் சென்னையில் பள்ளிக்கூட வாத்தியார்தான். ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் எழுந்ததே அவரால்தான். அந்தப் பின்னூட்டத்துக்கு இதற்கு மேல் பதில் கிடையாது.

எளிமைப்படுத்தினால் தப்பாகிவிடும் என்பது மட்டும் நியாயமான பயம். 1+2+3+... என்று முடிவில்லாமல் கூட்டினால் −1/12 வரும் என்று பாதியைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். சாதாரணக் கூட்டலில் அது வரவே வராது. கூட்டல் என்பதற்கு வேறொரு பொருள் கொடுத்த பிறகே அந்த மதிப்பு. அதைச் சொல்லாமல் விடுவது ஏமாற்று. ஐயா எப்போதும் அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். ஆராய்ச்சி தெரிந்தவர் இந்த வேலைக்கு வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதுதான் அதிகம் வலிக்கிறது. இது கணிதத்துக்குச் சம்பந்தமில்லாத ஊரா? பக்கத்துக் கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் நிறுவிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான் கணித ஆராய்ச்சியாளர் எஸ்.எஸ். பிள்ளை 1930-களில் வேலை பார்த்தார். எந்த இயல் எண்ணையும் (1, 2, 3...) அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று நிறுவியவர் அவர். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1950-இல் சென்னையில் ராமானுஜன் கணித நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் இயக்குநர் தி. விஜயராகவன், ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்த ஹார்டியின் மாணவர், பீசோ–விஜயராகவன் எண்களில் பாதிப் பெயருக்கு உரியவர். நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஐயா சொல்லித்தான் பலருக்குத் தெரியும். கைபேசியை எடுக்கச் சொல்வார். 5-இன் வர்க்கமூலத்தோடு 1 கூட்டி, 2-ஆல் வகுத்து, வந்ததைப் பத்து அடுக்கு உயர்த்தினால் 122.992. இருபது அடுக்கு உயர்த்தினால் 15126.99993. ஏற ஏற முழு எண்ணை நெருங்கிக்கொண்டே போகும். எப்படியும் யாராவது ஒருவர் 1.618 என்று சுருக்கிப் போட்டுவிட்டு 15120.6 வருகிறது, தப்பு என்பார். ஐயா அங்கேதான் நிற்பார். மூன்று தசமத்தோடு வெட்டியதில் விட்ட சிறு பிழை, இருபது முறை பெருக்கும்போது ஆறுக்கு மேல் வளர்ந்துவிட்டது என்று அந்தப் பையனையே கண்டுபிடிக்க வைப்பார். அந்தப் பண்பு உள்ள எண்களுக்குத்தான் விஜயராகவன் பெயர் என்று அதன்பிறகுதான் சொல்வார். நம் ஊர்ப் பணத்தில் எழுந்த நிறுவனத்தின் முதல் இயக்குநரை நம் ஊர்ப் பிள்ளைக்கு அறிமுகம் செய்தவரைப் பார்த்து, நேரமில்லாமல் போய்விட்டது என்கிறீர்கள். அவர் நேரம் முழுவதும் எங்கே போனது என்று அரங்கத்தில் கடைசி வரிசையில் நின்றிருந்த பழைய மாணவர்களைக் கேட்டிருக்கலாம்.

விழா மலர் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறதாம், அந்த வாக்கியம் முன்னுரையில் அப்படியே இருக்கிறதாம். குழுவில் இருக்கிற அண்ணன்மார்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நாலு கல்லை வரைந்து, எத்தனை கோலம் என்ற கேள்வியைப் போடுங்கள். விடையைக் கடைசிப் பக்கத்தில் வையுங்கள்.