பிளாக்ஸ்மித் தெரியும், என் வேலையைச் சொல்லத் தெரியாது

எந்த ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தாலும், எந்தச் செயலியை இறக்கினாலும், வேலை பற்றிய பாடம் என்றால் படத்தோடு ஒரு பட்டியல்தான். வெள்ளைத் தொப்பி போட்டவர் செஃப், உளி பிடித்தவர் கார்பென்டர், இரும்படிக்கும் கொல்லர் பிளாக்ஸ்மித், கடைசியில் தவறாமல் ஒரு அஸ்ட்ரோநாட். நான் இதுவரை எந்த விண்வெளி வீரரையும் வழியில் பார்த்து "என்ன சார், வேலையெல்லாம் எப்படிப் போகுது" என்று விசாரித்ததில்லை. ஆனால் அந்தச் சொல்லை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவேன், அதே நேரத்தில் நான் தினமும் பார்க்கிற வேலையை நாலு வாக்கியத்தில் சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

"வாட் டு யூ டூ?" என்று ஒருவர் கேட்டார். "நத்திங், ஜஸ்ட் சிட்டிங்" என்றேன். உட்கார்ந்துதானே இருந்தேன்! அவர் கேட்டது என்ன வேலை பார்க்கிறாய் என்று. எனக்கு வேலையே இல்லை என்று நினைத்து, பாவம், அவரே பேச்சை மாற்றிவிட்டார். இந்த ஒரு கேள்வியை முதல் பாடத்தில் வைத்தால் குடியா முழுகிவிடும்?

நமக்கு எல்லாமே வேலைதான். வேலை கிடைத்தது, வேலை இருக்கிறது, வேலை முடிந்தது, ஏன், அவன் தன் வேலையைக் காட்டிவிட்டான் என்றால் அதுவும் வேலைதான். அங்கே ஜாப் வேறு, வொர்க் வேறு. ஜாப்பை ஒன்று இரண்டு என்று எண்ணலாம், வொர்க்கை எண்ணக்கூடாது, அதனால் "எ குட் வொர்க் கிடைத்தது" என்று சொல்ல முடியாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓவியர் வரைந்த படமாக இருந்தால் அதே வொர்க்கை எண்ணலாமாம்! அப்புறம் இந்தக் கரியர், அதாவது ஒருவருடைய தொழில் வாழ்க்கை. இத்தனை வருஷமாக அதைக் கேரியர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கேரியர் என்பது சைக்கிளுக்குப் பின்னால் இருப்பது. அதை நல்லபடியாக உருவாக்குவதே என் லட்சியம் என்று எத்தனை பேரிடம் முழங்கியிருக்கிறேனோ.

ஒரு நேர்முகத் தேர்வு. "ஐ வொர்க் ஹார்ட்லி" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. குயிக் என்றால் குயிக்லி, ஸ்லோ என்றால் ஸ்லோலி, பின்னால் 'லி' சேர்த்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்த புண்ணியவான்கள், ஹார்ட்லி என்றால் 'செய்வதே இல்லை என்கிற அளவுக்கு' என்று பொருள் மாறுவதைச் சொல்லவில்லை. அடுத்து "ஹூ டூ யூ ரிப்போர்ட் டு?" என்றார்கள். உன் மேலதிகாரி யார் என்பதுதான் கேள்வி. என் காதில் அது யார்மேல் புகார் கொடுக்கிறாய் என்று விழுந்ததால், "நோபடி சார், எவ்ரிபடி இஸ் குட்" என்று நற்சான்றிதழ் வழங்கினேன்.

அதோடு விட்டதா? பழைய வேலை ஏன் போனது என்று கேட்டார்கள். எங்கள் பிரிவையே மூடி எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள், என்மேல் ஒரு குற்றமும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே சொல் ஃபயர்ட், அதைச் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. ஃபயர்ட் என்றாலும் சேக்ட் என்றாலும் ஆள் ஏதோ தப்பு செய்தான், இல்லை வேலை சரியில்லை என்று அர்த்தமாகிவிடுகிறது. நிறுவனமே ஆட்களைக் குறைத்தால் அது லெய்ட் ஆஃப். பிரிட்டிஷ்காரர்கள் மேட் ரிடண்டன்ட் என்பார்கள். 'லெட் கோ' என்று ஒன்று இருக்கிறது, அது எந்தப் பக்கமும் சாயாமல் பூசி மெழுகுகிற ரகம். போனது ஒரே வேலை, அதற்கு எந்தச் சொல்லைப் போடுகிறேன் என்பதை வைத்து நான் திருடனா அப்பாவியா என்று முடிவு செய்கிறார்கள். இந்த சேக் நம் சாக்குதான், மூட்டை கட்டுகிற அதே சாக்கு. நம் மொழியில் சாக்குக்கு இன்னொரு பொருளும் உண்டே, அது அந்த அறையில் எனக்குக் கொஞ்சமாவது கைகொடுத்திருக்கக் கூடாதா.

வொர்க் ஃபார், வொர்க் அஸ், வொர்க் ஆன், வொர்க் வித் இதெல்லாம் எங்கே வரும் என்று நானே அடிபட்டுத்தான் கற்றேன். நிறுவனத்துக்கு ஃபார், பதவிக்கு அஸ், கையில் இருக்கிற வேலைக்கு ஆன், கூட இருப்பவர்களுக்கு வித். இவ்வளவுதான், அரைப் பக்கம்கூட வராது. அந்த அரைப் பக்கத்துக்கு இடமில்லை, கொல்லன் படத்துக்கு மட்டும் முழுப் பக்கம்.

இன்று காலை செயலியிலிருந்து அறிவிப்பு வந்தது. இன்றைய சொல்: லைட்ஹவுஸ் கீப்பர், கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்பவர். ஐந்து முறை உரக்கச் சொல்லிப் பழக வேண்டுமாம்.