பலாலியிலிருந்து வெளிநாட்டுக்குப் பறந்த முதல் விமானம் எது?

“2019இல்தான் யாழ்ப்பாணத்திலிருந்து முதன்முறையாக வெளிநாட்டுக்கு விமானம் பறந்தது, எயார் சிலோனே பெயர் மாறி ஸ்ரீலங்கன் ஆனது” என்றொரு செய்தி வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே பிழை.

இலங்கையின் முதல் தேசிய விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் சேவையே எங்கள் யாழ்ப்பாணம் வழியாகத்தான் போனது. 1947 டிசெம்பர் 10 அன்று ‘சீதா தேவி’ என்ற டக்கோட்டா விமானம் கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை (பலாலி) வழியாக மெட்ராஸ் சென்றது. டக்கோட்டா தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்திருக்கும். பின்கதவால் ஏறி, மேட்டில் ஏறுவதுபோல முன்னுக்கு நடந்துதான் ஆசனத்தில் அமரவேண்டும். அப்படி ஏறி மெட்ராஸ் போன தலைமுறையை இல்லையென்று எழுதுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2019இல் நடந்தது வேறு: ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது, நவம்பரில் இந்தியாவின் அலையன்ஸ் எயார் நிறுவனம் சென்னைச் சேவையைத் தொடங்கியது.

எயார் சிலோன் பெயர் மாறவில்லை, மூடப்பட்டது. நட்டமும் நிர்வாகச் சீர்கேடும் அதை முடக்கின. 1978 செப்ரெம்பர் 7 அன்று அதன் அவ்ரோ விமானமொன்று ரத்மலானையில் குண்டுவெடித்து அழிந்தது. 1979இல் எயார் லங்கா புது நிறுவனமாகவே தொடங்கியது. ஸ்ரீலங்கன் என்று பின்னர் பெயர் மாறியது அதுதான்.

சந்தேகமென்றால் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் 1947 டிசெம்பர்ப் பத்திரிகைகளைப் பாருங்கள். அந்தச் செய்தி உங்களுக்கும் வந்திருந்தால், தயவுசெய்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.