நமக்கு நீச்சல் தெரியாது, கடற்கரைப் போட்டி நடத்தப் போகிறோமாம்

நாங்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர்கள். போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி ஒரு செய்தி போட்டான். "உலகக் கடற்கரை விளையாட்டுப் போட்டியை டர்பனுக்குக் கொண்டுவரணும். ஸ்டேடியம் கட்ட வேண்டாம். மணல் இருக்கு, கடல் இருக்கு, ஹோட்டல் வரிசையா நிக்குது. வேறென்ன வேணும்?" பெரியம்மா மகன்கள் கைதட்டும் படங்களாகப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். நான் மட்டும், "உனக்கு நீச்சல் தெரியுமாடா?" என்று கேட்டேன். அரை மணி நேரத்துக்குக் குழுவில் ஒரு சத்தமும் இல்லை.

அவனைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. ஆசை நல்ல ஆசைதான். தமிழ்நாட்டு நண்பர்கள் பலருக்கு இந்தப் போட்டியே புதிதாக இருக்கும் என்பதால் முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நாட்டு ஒலிம்பிக் கமிட்டியும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன, பெயர் அனாக். அது 2019 அக்டோபரில் தோஹாவில் முதல்முறையாக இந்தப் போட்டியை நடத்தியது. 1,000க்கும் மேற்பட்ட வீரர்கள் வந்தார்கள். மணலில் வாலிபால், கால்பந்து, ஹேண்ட்பால், டென்னிஸ், மல்யுத்தம். தண்ணீரில் 5 கிலோமீட்டர் நீச்சல், கைட் போர்டு, வாட்டர் ஸ்கீ. கூடவே கராத்தே, ஸ்கேட்போர்டு, சுவர் ஏறுதல், மூவர் பாஸ்கெட்பால்! கராத்தேவுக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. 2008இல் பாலியில் தொடங்கிய ஆசியக் கடற்கரைப் போட்டியில் கபடி உண்டு, அணிக்கு நான்கு பேர், மணலில். உலகப் போட்டிக்கு அதையாவது எடுத்திருக்கலாம். ஆப்பிரிக்காவுக்கும் தனியாக ஒன்று இருக்கிறது. 2019இல் கேப் வெர்டேயின் சால் தீவில், 2023இல் துனிசியாவின் ஹம்மாமெட்டில் நடத்தினார்கள்.

செலவு குறைவு என்பதுதான் இந்தப் போட்டிகளுக்கு எல்லோரும் சொல்லும் பெருமை. ஆனால் நடந்ததைப் பாருங்கள். தோஹாவில் நடந்த அந்த முதல் போட்டியே முதலில் அமெரிக்காவின் சான் டியேகோவுக்குக் கொடுத்தது. ஸ்பான்சர் பணம் சேரவில்லை, சில மாதங்கள் இருக்கும்போது தோஹாவுக்கு மாற்றினார்கள். அடுத்தது 2023 ஆகஸ்டில் பாலியில் நடக்க வேண்டும். ஒரு மாதம் இருக்கையில், அரசிடமிருந்து பணம் வரவில்லை என்று இந்தோனேசியா கைவிரித்துவிட்டது. பாலியில் மணலுக்கா பஞ்சம்?

நம்ம ஊர்க் கதையும் தெரிந்ததுதானே. 2022 காமன்வெல்த் போட்டி டர்பனுக்கு என்று 2015இல் அறிவித்தபோது ஊரே துள்ளியது. ஆப்பிரிக்க மண்ணில் முதல் காமன்வெல்த் போட்டி அதுவாகத்தான் இருந்திருக்கும். 2017 மார்ச்சில் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசியில் பர்மிங்காமில் நடந்தது. சரி, பணக் கதையை விடுங்கள், அதைப் பேச என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது கணுக்காலைப் பற்றி.

என் தாத்தா கரைவலைக்காரர். டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரித் தீவில் குடியிருந்த மீனவக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கடற்படைக்கு இடம் வேண்டும் என்று கிளப்பிவிட்டார்கள். அப்புறம் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது, குடும்பம் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போனது. அங்கே எந்த ஜன்னலைத் திறந்தாலும் கடல் தெரியாது. ஆனாலும் ஜூன், ஜூலையில் சார்டின் மீன் கூட்டம் கரைக்கு வரும்போது தாத்தாவை வீட்டில் பிடித்துவைக்க முடியாது. வலை இறக்கும் முன் மணலில் ஒரு கற்பூரம் ஏற்றுவார். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னோக்கி நடந்தபடி இழுப்பார்கள். மணல் மல்யுத்தத்துக்கெல்லாம் மெடல் கொடுப்பவர்கள் ஒருநாள் வந்து கரைவலை இழுத்துப் பார்க்கட்டும்.

அந்த மணலில் நின்று தாத்தா வலை இழுக்கலாம், குளிக்க மட்டும் கூடாது. குளிக்கும் இடம் வெள்ளையருக்கு. இங்கிலீஷ், ஆஃப்ரிகான்ஸ், ஸூலு என்று மூன்று மொழியில் பலகை இருந்தது. தமிழில் எழுதவில்லை, எழுதாமலே நமக்குப் புரியும் என்று நினைத்திருப்பார்கள். 1952இல் டர்பன் கடலில் சுறா தடுக்க வலை போட்டார்கள். அந்த வலைக்கு உள்ளே வசதியாக நீந்தியவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நமக்கு வடக்கே தள்ளி ஒரு துண்டு கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிப் பானை, பாய், நாலு குடும்பம் என்று அங்கே போவோம். ஆயாவின் சட்டம் ஒன்றே ஒன்று: "கணுக்கால் வரைக்கும்தான்." ஒரு காலில் அலை ஏறினாலே கூப்பிட்டுவிடுவாள். கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது, இழுத்துக்கொண்டு போனால் காப்பாற்ற ஆள் வருமா என்றும் நிச்சயமில்லை. அவள் பயந்ததில் தப்பு சொல்ல மாட்டேன்.

அந்தக் காலத்தில் டர்பனில் கடல் விளையாட்டு இல்லாமல் இல்லை. 1969 முதல் இங்கே பெரிய சர்ஃபிங் போட்டி நடந்தது, உலகமே வந்தது. 1972இல் அதற்கு ஹவாயிலிருந்து எடி ஐகாவ் வந்தார். பேர்பெற்ற அலைவீரர், வைமியா விரிகுடாவில் உயிர்காப்பாளர், எத்தனையோ பேரைக் கடலிலிருந்து தூக்கி வந்தவர். தங்கப் போன ஹோட்டலில் அவர் தோல் நிறத்தைப் பார்த்து இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஷான் டாம்சனின் குடும்பம்தான் அவரைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டது. அந்த ஷான் 1977இல் உலகச் சாம்பியன் ஆனார், டர்பன் பையன். 1985இல் ஆஸ்திரேலியாவின் டாம் கரோல், அப்போது உலகச் சாம்பியன், தென்னாப்பிரிக்காவுக்கு விளையாட வரமாட்டேன் என்று அறிவித்தார். அலைச்சறுக்கு வீரர்களை ஊர்சுற்றிகள் என்று நினைப்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

1989இல் எனக்கு வயது 17. மக்கள் தடையை மீறிக் கூட்டம் கூட்டமாக வெள்ளையர் கடற்கரைக்குள் இறங்கிய ஆண்டு. நவம்பர் 16ஆம் தேதி, நாட்டின் கடற்கரைகள் எல்லோருக்கும் திறந்துவிடப்படும் என்று அதிபர் டி கிளெர்க் அறிவித்தார். நவம்பர் 16! 1860இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம் ஆட்களைக் கொண்டுவந்து இதே டர்பனில் இறக்கிய தேதி. வந்து இறங்கி 129 வருஷம் கழித்து, அதே தேதியில், கடலில் குளிக்கலாம் என்று சொன்னார்கள். அவருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்காது. அப்பா எங்களை நார்த் பீச்சுக்குக் கூட்டிப்போனார். எல்லோரும் இறங்கினோம். கணுக்கால் வரைக்கும்.

இதைத்தான் தம்பியிடம் சொன்னேன். பலகையை ஒரு நாளில் பிடுங்கிப் போட்டுவிடலாம், நீச்சல் ஒரு நாளில் வராது. நீந்தத் தெரியாத அம்மா பிள்ளையைத் தண்ணீரில் விட மாட்டாள், அந்தப் பிள்ளை நாளைக்குத் தன் பிள்ளையை விடாது. சட்டம் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆயாவின் சட்டம் எங்கள் வீட்டில் அமலில் இருக்கிறது. 2012இல் லண்டனில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் சாட் லெ க்லோஸ், டர்பனில் பிறந்த பையன், 0.05 விநாடியில் மைக்கேல் ஃபெல்ப்ஸை முந்தினார். அன்று இரவு எங்கள் தெருவே கத்தியது. ஆனால் அதற்குப் பிறகு நீச்சல் வகுப்பில் சேர்ந்தவர்கள் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. சேர எங்கே போவது? எங்கள் பக்கத்தில் ஒரு பொது நீச்சல்குளம் உண்டு. இரண்டு கோடைகாலமாகக் கேட்டில் பூட்டு. உள்ளே தண்ணீர் இருந்தது, பாசி பிடித்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்தது. தனியார் வகுப்புக்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டுக்கு ஒரு வாரச் சாமான் வாங்கிவிடலாம்.

தண்ணீரின் கதை இன்னும் மோசம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையமும் உடைந்தன. ஈகோலை கிருமி அதிகம் என்று கடற்கரைகளை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். உலக வீரர்களை அழைத்து 5 கிலோமீட்டர் நீந்தச் சொல்லும் தண்ணீர் இது. முதலில் நாம் அதில் வாய் கொப்பளிக்கத் தயாரா?

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், தம்பியும் சொன்னான்: "பெரிய போட்டி வந்தால்தான் அக்கா குளத்தைத் திறப்பாங்க, குழாயை மாத்துவாங்க." கேட்க நியாயமாக இருக்கிறது. 2010 கால்பந்து உலகக் கோப்பை வந்தபோது கடற்கரை நடைபாதை அழகானது உண்மை, நானும் அதில்தான் நடக்கிறேன். ஆனால் சாட்ஸ்வொர்த் நடைபாதையில் இல்லையே. வெளியூர்க்காரன் பார்க்கும் இடத்தைத்தான் போட்டி திருத்தும். பூட்டிய குளம் எந்த கேமராவிலும் விழாது.

போட்டியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டர்பன் கடல் குளிர்காலத்திலும் இதமாக இருக்கும், இந்த அகுல்ஹாஸ் நீரோட்டம் நமக்குக் கிடைத்த வரம். ஆப்பிரிக்கக் கடற்கரைக் கால்பந்துப் போட்டியை இங்கே மணலில் நடத்தியிருக்கிறோம். கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கேட்பதற்கு முன் ஊரில் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும், சாட்ஸ்வொர்த்தானாலும் கறுப்பின மக்கள் வாழும் உம்லாஸியானாலும், நாலாம் வகுப்புப் பிள்ளை 25 மீட்டர் நீந்த வேண்டும். அந்தப் பிள்ளைகளில் நாலு பேராவது தென்னாப்பிரிக்கச் சட்டை போட்டுக் கடலில் இறங்கினால் நான் முதல் டிக்கெட் வாங்குகிறேன். இல்லாவிட்டால் தாத்தா காலத்துக் கதைதான். கரையில் வேலைக்கு நிற்போம், தண்ணீருக்குள் வேறு யாரோ இருப்பார்கள். என்ன, இந்த முறை பிரியாணி ஸ்டால் போடச் சொல்வார்கள்.

ஒன்று சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. போன ஜனவரியில் நானும் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். இந்த வயதில் நீச்சல் உடையில் வெளியே வர நான் பட்ட கூச்சம் தனிப் பதிவுக்கு ஆகும். கூட என் அண்ணன் பேத்தி, எட்டு வயது. அவள் இரண்டாம் வாரமே மிதந்துவிட்டாள். எனக்கு ஆறு வாரம் ஆனது. காது தண்ணீருக்குள் போனதும் ஆயாவின் குரல் கேட்கிறது, என்ன செய்ய. புரட்டாசி விரதம் என்று ஒரு மாதம் மட்டம் போடவும் பார்த்தேன், விரதத்துக்கும் நீச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று பேத்தி கேட்டுவிட்டாள்.

தம்பியை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். குழுவில் கட்டைவிரல் தூக்கிய படம் போட்டான். மூன்று ஞாயிறு போய்விட்டது. டவல் வாங்கிவிட்டானாம்.