'அப்போ சோறு?'

கல்வியின் நோக்கம் வேலை அல்ல, சிந்தனை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சென்னை காசிமேட்டில் மீன் விற்றுப் பிள்ளையைப் படிக்க வைக்கும் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், 'அப்போ சோறு?' என்பார். நியாயம்தானே? இரண்டையும் ஏன் எதிரெதிரே நிறுத்த வேண்டும்? தத்துவ அறிஞர் ஜான் டூயி 1896-இல் சிகாகோவில் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், தச்சு வேலை செய்தார்கள். கணக்கும் அறிவியலும் அதன் வழியே வந்தன. இங்கே, ஏலத்துக்கு வந்த மீன் கூடையைப் பார்த்ததுமே விலை சொல்லிவிடுகிற பையன், சதவீதக் கணக்கு என்றால் வாயே திறப்பதில்லை. 'மக்கு' என்று பேர் வேறு. ஒருநாள் விடியற்காலையில் ஆசிரியர் வகுப்பையே மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டி வரட்டும், பாடம் அங்கேயே நடக்கட்டும். (செருப்பு நனையும், பரவாயில்லை.)