"தினமும் நடங்க" என்று சொல்வதற்கு முன்னால்

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர், முட்டிவலி தாங்காமல் போன மாதம் ஒரு டாக்டரிடம் போய்வந்தார். மறுநாள் காலையில் என் மேசைக்குப் பக்கத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், மாப்பைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, டெய்லி அரை மணி நேரம் நடக்கணும்னு டாக்டர் சொல்றாரு. காலையிலேர்ந்து நான் நடக்காம வேற என்னம்மா பண்றேன்?"

சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. கையிலிருந்த ஸ்மார்ட் வாட்ச்சைக் கழற்றி, "இன்னிக்கு ஒரு நாள் இதைக் கட்டிக்கோங்கக்கா" என்று கொடுத்தேன். தண்ணீர் படுமே என்று தயங்கினார். அப்புறம் கட்டிக்கொண்டு, அதன்மேல் ஒரு துணியையும் சுற்றிக்கொண்டார். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அவர் திருப்பித் தரும்போது அது 15,000 அடிகளைத் தாண்டியிருந்தது. நன்றாக நடந்தேன் என்று நான் நினைக்கும் நாட்களில்கூட அதில் பாதிக்கு வந்ததில்லை.

அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதைத்தான் நாம் எல்லோரும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மனசு வைத்தால் முடியும், நேரமில்லை என்பதெல்லாம் சாக்கு, உடம்பைப் பார்த்துக்கொள்ளாதவர் சோம்பேறி. இந்தப் பேச்சு தவறு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒருவர் எவ்வளவு உடலை அசைக்கிறார், அந்த அசைவு அவர் உடம்புக்கு நல்லது செய்கிறதா என்பதையெல்லாம் அவருடைய மனவுறுதி மட்டும் முடிவு செய்வதில்லை. என்ன வேலை, எவ்வளவு வருமானம், ஆணா பெண்ணா, எத்தனை வயது, எங்கே குடியிருக்கிறார் என்பவைதான் பெரும்பங்கு முடிவு செய்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. அவருடைய நேரம் அவர் கையில் இருக்கிறதா?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் இருக்க வேண்டும். அல்லது 75 முதல் 150 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கான இயக்கம். 2022-இல் உலகப் பெரியவர்களில் 31% பேர் இந்தக் குறைந்தபட்ச அளவைக்கூட எட்டவில்லை. ஏறத்தாழ 180 கோடிப் பேர். 2010-இல் இது 26% தான். பன்னிரண்டு வருடங்களில் மனிதர்கள் திடீரென்று சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா? மாறியது மனிதர்களின் குணம் இல்லை. அவர்கள் பார்க்கும் வேலையும் அவர்கள் வாழும் இடமும் மாறியிருக்கின்றன.

2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஒரு பெரிய கணக்கெடுப்பு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி, வருமானம் குறைந்த நாடுகளில் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் சுமார் 16%. வருமானம் மிகுந்த நாடுகளில் சுமார் 37%. இரண்டு மடங்குக்கும் மேல். காரணம் ஏழை நாட்டு மக்களுக்கு உடற்பயிற்சியில் ஆர்வம் அதிகம் என்பதல்ல. அங்கே வயிற்றுப்பாட்டுக்கே உடம்பை அசைத்தாக வேண்டும். நாடு வளர வளர இயந்திரம் வருகிறது, வாகனம் வருகிறது, நாற்காலி வருகிறது. அமெரிக்காவில் 1960-களின் தொடக்கத்தில் தனியார் துறை வேலைகளில் கிட்டத்தட்ட பாதி, ஓரளவாவது உடலை வருத்திச் செய்யும் வேலைகள். ஐம்பது ஆண்டுகளில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

ஆனால் ஒரே நாட்டுக்குள் பார்த்தால் கதை அப்படியே திரும்புகிறது. ஓய்வு நேரத்தில் ஓடுவது, நீந்துவது, ஜிம்முக்குப் போவது எல்லாம் படித்தவர்களிடமும் வசதியுள்ளவர்களிடமும்தான் அதிகம். வேலையில் அசைவு இல்லாமல் போனதை அவர்கள் ஓய்வு நேரத்தில் ஈடுகட்டிக்கொள்கிறார்கள். ஜிம்முக்குக் கட்ட அவர்களிடம் பணம் இருக்கிறது. அதைவிட முக்கியம், இத்தனை மணிக்கு வேலை முடியும் என்று முன்கூட்டியே தெரிகிறது. அடுத்த வாரம் எந்த ஷிப்ட் என்றே தெரியாத ஒருவர், திங்கள் புதன் வெள்ளி காலை ஆறு மணி என்று எதைத் திட்டமிட முடியும்?

அப்படியென்றால் வேலையே இல்லாமல் போனால் நேரம் கிடைத்து உடற்பயிற்சி கூடுமே என்று தோன்றலாம். அமெரிக்கத் தரவுகளை வைத்து கோல்மன், தாவே என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதையே ஆராய்ந்து 2013-இல் எழுதினார்கள். வேலை குறையும் காலங்களில் பொழுதுபோக்கு உடற்பயிற்சி கொஞ்சம் கூடுகிறது, உண்மைதான். ஆனால் வேலையில் இருந்த உழைப்பு போய்விடுவதால், மொத்த அசைவு குறைகிறது. கிடைத்த நேரம் டிவிக்கும் தூக்கத்துக்கும் வீட்டு வேலைக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கும் போகிறது. அதிகம் பாதிக்கப்படுவது படிப்பு குறைந்த ஆண்கள். அடுத்த மாத வாடகையை நினைத்துத் தூக்கம் வராமல் கிடக்கும் ஒருவருக்கு, காலியாக இருக்கும் பகல் பொழுது ஓய்வு நேரம் ஆகிவிடாது.

சரி, அக்காவின் கேள்விக்கு வருகிறேன். 15,000 அடி நடக்கும் ஒருவருக்கு ஏன் முட்டி தேய்கிறது, மூச்சு வாங்குகிறது?

உடலியக்கம் இதயத்துக்கு நல்லது என்பதையே ஒரு தொழிலாளர் ஆய்விலிருந்துதான் உலகம் கற்றுக்கொண்டது. ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் 1953-இல் லண்டன் இரட்டை மாடி பஸ் ஊழியர்களைப் பற்றி எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாக இருந்தது. ஒரு நடத்துநர் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார் என்பது கணக்கு. அந்த ஆய்வு பிற்காலத்தில் எத்தனையோ ஆய்வுகளுக்கு வழிவிட்டது.

ஆனால் எல்லா உழைப்பும் அந்தப் படிக்கட்டு மாதிரி இல்லை. டென்மார்க்கின் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மானும் அவருடைய குழுவினரும் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் நிறைய உடற்பயிற்சி செய்தவர்கள் அகாலமாக இறக்கும் வாய்ப்பு, செய்யாதவர்களைவிட 40% குறைவு. வேலையில் மிகக் கடுமையாக உழைத்தவர்களுக்கோ, உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட அது 27% அதிகம். அவர்கள் தரும் விளக்கம் எனக்கு மனதில் அப்படியே நின்றுவிட்டது. ஓட்டமோ நீச்சலோ கொஞ்ச நேரம் இதயத்தை வேகமாக அடிக்க வைத்துவிட்டு, அப்புறம் ஓய்வு கொடுக்கிறது. கூலி உழைப்பு அப்படி இல்லை. எட்டு மணி நேரம் குனிவது, தூக்குவது, நிற்பது. இதயத்தை வலுவாக்கும் அளவுக்கு வேகமும் கிடையாது, இளைப்பாறும் அளவுக்கு இடைவெளியும் கிடையாது. ரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறியே இருக்கிறது. உடம்பு தேறுவதற்குள் அடுத்த நாள் விடிந்துவிடுகிறது.

இதை எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்வதில்லை. நார்வேயில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைக் கொண்டு அதே 2021-இல் வந்த ஆய்வு, உடலுழைப்பு உள்ள வேலை பார்த்த ஆண்களின் ஆயுள் கூடுதலாகவே இருந்தது என்றது. கடின வேலை செய்பவர்களிடம் வறுமையும் புகையிலையும் மோசமான குடியிருப்பும் சேர்ந்தே இருப்பதால், கெடுதல் செய்வது வேலையா வறுமையா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம் என்பது அவர்கள் வாதம். வறுமைதான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த மனிதருக்குக் குறைவாக இருப்பது நடை அல்ல என்பதுதானே உண்மை? ஓய்வு, கூலி, உட்கார ஓர் இடம், வலிக்கும்போது எடுக்க ஒரு விடுப்பு. டாக்டரின் சீட்டில் இவை எதையும் எழுத முடியாது. "நடங்க" என்றுதான் எழுத முடியும்.

நான் அக்காவிடம் கேட்டேன்: "தினமும் உங்களுக்குன்னு ஒரு மணி நேரம் சும்மா கிடைச்சா என்னக்கா பண்ணுவீங்க?" யோசிக்கவே இல்லை. "கால நீட்டிப் படுப்பேன்மா."

பெண்கள் விஷயத்துக்கு வந்தால் எனக்கு நிதானமாக எழுதக் கைவரவில்லை. உலக அளவில் பெண்களில் கிட்டத்தட்ட 34% பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. ஆண்களில் 29% பேருக்கு. தெற்காசியாவில் இருபாலரையும் சேர்த்தே 45%. பணக்காரப் பகுதி அல்ல, ஆனாலும் இவ்வளவு. ஆண், பெண் இடைவெளி பெரிதாக இருக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. இதற்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் சொன்னது: கூலியில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் ஒரு நாளில் பெண்கள் செலவிடுவது சராசரியாக 4 மணி 25 நிமிடம், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். வித்தியாசம் மூன்று மணி நேரம். ஒரு வாரத்துக்குத் தேவைப்படும் 150 நிமிடத்தைவிட, ஒவ்வொரு நாளும் பெண்ணிடமிருந்து போகும் நேரம் அதிகம்.

என் தங்கைக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவள் வாங்கிய ஓட்டக் காலணியை நான் ஒரு நாள் கையில் எடுத்துப் பார்த்தேன். வாங்கி எட்டு மாதம் ஆகிறது, அடிப்பாகத்தில் தேய்மானமே இல்லை. அவளுக்கு நேரமே கிடைப்பதில்லை என்று சொல்ல முடியாது. பத்து நிமிடம், ஏழு நிமிடம் என்று துண்டு துண்டாகக் கிடைக்கிறது. அந்தத் துண்டுகளிலும் காது பிள்ளைகள் இருக்கும் அறைப் பக்கமே இருக்கிறது. ஒரு நாள் கயிறு கட்டி முடித்தாள், பெரியவன் விழுந்துவிட்டான், கயிற்றை அவிழ்த்தாள். அவ்வளவுதான். "நீ போயேன், நான் பாத்துக்கறேன்" என்று வீட்டுக்காரர் எப்போதாவது சொல்வதால் இது தீராது. எந்த நாள், எத்தனை மணி என்று நிச்சயமாகத் தெரிந்து, அந்த நேரத்தில் யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்ற நம்பிக்கை வந்தால்தான் அது அவள் நேரம். இருட்டிய பிறகு தனியாக நடக்கப் பயம், மைதானத்தில் வெறித்துப் பார்க்கும் கண்கள் எல்லாம் இதற்கு அப்புறம் வரும் தடைகள். முதல் தடை வீட்டு வாசலுக்கு உள்ளேயே நிற்கிறது.

வயதைப் பற்றி ஒன்றே ஒன்று. 60-ஐத் தாண்டியவர்களிடம் உடலியக்கம் குறைவதை உலகமெங்கும் பார்க்கிறோம். மேசை வேலையிலிருந்து ஓய்வு பெறுபவர் நடக்க ஆரம்பிக்கிறார், அவருக்கு இப்போதுதான் காலை நேரம் கிடைத்திருக்கிறது. சுமை தூக்கிய உடம்போ ஓய்வு பெறும்போது தேய்ந்துபோய் வருகிறது. அதற்கு ஓய்வூதியமும் இல்லையென்றால் ஓய்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இடம் முக்கியம் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2017-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, 111 நாடுகளில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கைபேசிகள் பதிந்த அடிகளை எண்ணியது. அதில் அமெரிக்க நகரங்களை ஒப்பிட்டபோது, நடக்க வசதியான நகரங்களில் அதிகம் நடப்பவருக்கும் குறைவாக நடப்பவருக்கும் உள்ள இடைவெளி சிறுத்தது, பெண்கள் கூடுதலாக நடந்தார்கள். அறிவுரையே இல்லாமல் நடைபாதை அதைச் செய்திருக்கிறது. வாடகை குறைந்த இடம் தேடி நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறவருக்குத்தான் நடைபாதையும் மரநிழலும் தெருவிளக்கும் கடைசியாகப் போய்ச் சேருகின்றன. பயணத்திலேயே தினமும் இரண்டு மூன்று மணி நேரம் போய்விடுகிறது.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளை வண்டிகளுக்கு மூடி, மக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். இப்போது அது 120 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. பூங்காக்களில் இலவச உடற்பயிற்சி வகுப்புகளும் நடக்கின்றன. நுழைவுக் கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, தனி உடை தேவையில்லை. ஞாயிறு விடுமுறை கிடைக்காத தொழிலாளிக்கு அதுவும் எட்டாது என்பதை நான் மறக்கவில்லை. இருந்தாலும், காசு இல்லாதவருக்கும் இடம் கொடுத்த ஒரு நகரம் என்பதால் அதன் மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

எங்கள் கட்டடத்தில் ஆறு மாடி. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற நாங்கள் லிஃப்டில் ஏறுகிறோம். அலுவலக நேரத்தில் வாளியும் மாப்புமாக லிஃப்டில் வரக்கூடாது என்று துப்புரவுப் பணியாளர்களுக்கு ஒரு விதி. நாள் முழுக்க நிற்கிறவர்கள் சுமையோடு படியேறுகிறார்கள். இத்தனை வருடங்களாக இது என் கண்ணில் பட்டிருக்கிறது, உறைக்கவில்லை. வாட்ச்சைத் திருப்பி வாங்கிய அன்றுதான் உறைத்தது.

பதினொரு பேர் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். மூன்று கோரிக்கைகள். பணியாளர்களுக்கு எல்லா நேரமும் லிஃப்ட். ஒவ்வொரு மாடியிலும் அவர்கள் உட்கார ஒரு நாற்காலி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் உட்காரும் அனுமதியோடு. அடுத்த மாத ஷிப்ட் அட்டவணை இந்த மாதமே கையில். லிஃப்டுக்குச் சம்மதித்துவிட்டார்கள். அட்டவணையைப் பற்றி ஒப்பந்த நிறுவனத்திடம் பேசுவதாகச் சொன்னார்கள். நாற்காலிக்கு இன்னும் பதில் இல்லை. வியாழக்கிழமை மறுபடியும் போய்க் கேட்கப் போகிறோம், இந்த முறை அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார். உங்கள் கட்டடத்தில் யாராவது இப்படிக் கேட்டு வாங்கியிருந்தால், எப்படிப் பேசினீர்கள் என்று கீழே எழுதுங்கள். புதன்கிழமைக்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.