துரு எல்லா இடத்திலும் பிடிக்காது

காட்டு மரம் இழுக்கும் ரயிலைச் சிறிய மாதிரியாகச் செய்வது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஷே எஞ்சின் (பல்சக்கரங்களால் ஓடும் நீராவி எஞ்சின்) மாதிரியை அதன் உதிரிபாகத் தொகுப்பிலிருந்து கட்டி முடித்ததும் முழுக்கத் துரு நிறம் அடித்துவிடலாம் என்கிறது அது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஷே எஞ்சினின் அழகே அதன் வலது பக்கம்தான். செங்குத்தான சிலிண்டர்கள், நீளமான சுழல்தண்டு, பல்சக்கரங்கள் எல்லாம் அங்கேதான் வெளியே தெரியும். எப்போதும் எண்ணெயும் கிரீஸும் வழியும் இடம் அது. துரு பிடிக்க வழியே இல்லை. அங்கே கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கும் லேசான மினுமினுப்பும்தான் வேண்டும். துருவைப் புகைபோக்கிக்கும் சங்கிலிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மரத்தாலான ரயில் பெட்டிகள் என்றால் ஒட்டுவதற்கு முன்பே சாயம் ஏற்றிவிடுவது நல்லது. ஆல்கஹாலில் சில சொட்டு இந்தியன் இங்க் (படம் வரையும் கறுப்பு மை) கலந்தாலே போதும். பசை பட்ட இடத்தில் சாயம் இறங்காது, வெள்ளைத் திட்டாக நிற்கும்.

ரயிலில் ஏற்றும் மரக்கட்டைகளுக்குக் கட்டுரை சொல்லும் சுள்ளிகள் சரிதான். ஆனால் 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) சொரசொரப்பான பட்டை பூதாகரமாகத் தெரியும், வழவழப்பானதாகப் பார்த்து எடுங்கள். வெட்டுமுகத்தில் மட்டும் எதையும் பூச வேண்டாம். அப்போதுதான் வெட்டிய மரம் வெளிறித்தானே இருக்கும்!