ஆச்சியின் திண்ணையும் எதிர்வீட்டுக் கேமராவும்

தெருவுக்குத் தெரு கேமரா வைத்தால் திருட்டு குறையும், ஒளிக்க எதுவும் இல்லாதவர் ஏன் பயப்பட வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதல் பாதி சரி. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் ரத வீதியில் நெருக்கித் தள்ளும் கூட்டத்தில் சங்கிலியைப் பறிகொடுத்தவரிடம் போய் அந்தரங்கம் பற்றிப் பேச முடியாது.

இரண்டாவது பாதிதான் இடிக்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் எதிர்வீட்டு அண்ணாச்சி மாட்டிய கேமரா, அவர் வாசலைவிட எங்கள் திண்ணையைத்தான் அதிகம் பார்க்கிறது. ஆச்சி இப்போது முருங்கைக்கீரை உருவக்கூட உள்ளே போய்விடுகிறாள். அவள் ஒளிக்க என்ன இருக்கிறது? அண்ணாச்சியிடம் கேட்டால், "பாதுகாப்புக்குத்தானே தம்பி" என்கிறார். (அவர் மகன் துபாயில் உட்கார்ந்து செல்போனில் எங்கள் தெருவைப் பார்ப்பது தனிக் கதை.) 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது ஆச்சிக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம், பார்க்க வேண்டிய இடத்தை யார் பார்ப்பது? 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. ஹார்ட் டிஸ்கில் இடமும் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை, விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் தன் அறிக்கையில் எழுதினார். போலீஸ் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் இறந்த வழக்கு அது. அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், காவல் நிலையப் பதிவுகளை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றது. தெருக் கேமரா பதிவை எத்தனை நாள் வைப்பார்கள், யார் எடுத்துப் பார்க்கலாம் என்று கம்பத்திலேயே ஒரு பலகையில் எழுதட்டும். எழுதிவிட்டு மாட்டட்டும்.